தாது வருஷத்து ஒரு ராத்தல்

வாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய வாலிகண்டபுரத்து நிலம் வானம் பார்த்த பூமி. கோபுரக் கலசத்தில் வரகை நிரப்பி வைப்பது தமிழ்நாட்டுக் கோயில் வழக்கம். உமியோடு இருந்தால் அது பல ஆண்டுகள் கெடாது. பஞ்சத்துக்குப் பயந்த மண்ணின் முன்யோசனை அது.

அந்தப் பயம் வீண் போகவில்லை. 1876-78இல் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. வாலிகண்டபுரம் அப்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த ஊர். பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் நிவாரண வேலை செய்தவர்களின் கூலியைக் குறைத்தார்: ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை. மண் வெட்டிச் சுமக்கும் ஆளுக்கு அது போதவே போதாது என்று மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். சில மாதங்களில் சென்னை அரசு அந்த அளவைக் கைவிட்டது.

ஒரு ராத்தல் தானியம் என்றால் சுமார் 1,600 கலோரி.

ஏறக்குறைய அதே அளவு உணவை 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் கொடுத்தார். அவர்கள் எடையில் கால்வாசி போனது. சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியோ சுமார் 40 சதவீதம் குறைந்தது. உடல் சிறுத்தது மட்டும் அதற்குக் காரணமல்ல. இருக்கும் சதையும் சிக்கனமாக இயங்கப் பழகிவிட்டது. நாடித்துடிப்பு தளர்ந்தது, குளிர் தாங்கவில்லை. பிறகு வயிறாரச் சாப்பிட்டபோது, இழந்த சதை திரும்புவதற்கு முன்பே கொழுப்பு திரும்பியது.

இன்று எடை குறைப்பவர் உடலுக்குள்ளும் இதே கணக்குதான் ஓடுகிறது. சாப்பாடு குறைந்ததும் இன்சுலின் இறங்கி, சேமித்த கொழுப்பு கரைகிறது. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு வடிந்தால், கொஞ்சம் இன்சுலினே ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்திவிடும். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டைரக்ட் என்ற ஆய்வில் 15 கிலோவோ அதற்கு மேலோ இழந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கு ஓராண்டில் சர்க்கரை நோய் தணிந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் கூடவே குறைவதால் பசி ஏறுகிறது, செலவு சுருங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் ஏராளமாக எடை இழந்த 14 பேரைக் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தது. அவர்கள் உடல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. எடை மீண்டும் ஏறியவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று பழிப்பது எவ்வளவு அநியாயம்!

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை நடக்க வைத்து, சாப்பாட்டையும் திருத்தினார்கள். எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனாலும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.