ஏலமலையின் மணம்: நம்பிக்கையும் வணிகமும்

இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஏலச்செடி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சோலைகளுக்கு உரியது. அது மர நிழலில் வளர்ந்து, தரையை ஒட்டிய சரங்களில் காய்க்கும். போடிநாயக்கனூருக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டி விரியும் ஏலமலை அதன் பெரும் விளைநிலம்.

ஏலக்காய் மணப்பொருளாக மட்டும் மதிக்கப்படவில்லை. திருவருளை ஈர்க்கும் பொருளாகவும் நம்பப்பட்டது. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரத்துடன் ஏலமும் சேர்கிறது. கல்வி சிறக்க ஹயக்ரீவருக்கும், செல்வம் தங்க மகாலட்சுமிக்கும் ஏலக்காய் மாலை சாத்துவார்கள். தாம்பூலத்தில் அது வாய்க்கு மணம் தரும். அரபு நாடுகளில் விருந்தினருக்குத் தரும் காப்பியிலும் ஏலம் மணக்கிறது.

இந்த மணம் விதையிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. அதிலுள்ள சினியோல் என்ற சேர்மம் குளிர்ச்சியான காரத்தையும், டெர்பினைல் அசிடேட் என்ற சேர்மம் இனிமையையும் தருகின்றன. நீராவியில் வடித்தெடுக்கும் இந்த எண்ணெயை வாசனைத் திரவியம் செய்வோர், முதலில் எழுந்து விரைவில் அடங்கும் மணமாகப் பயன்படுத்துகின்றனர். முற்றிப் பழுப்பதற்குச் சற்று முன்பே காயைப் பறித்து, மிதமான சூட்டில் உலர்த்தினால் பச்சை நிறமும் மணமும் நிலைக்கும்.

திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் ஏலத்தைத் தன் தனியுரிமை வணிகமாக வைத்திருந்தது. அந்தத் தனியுரிமை நீங்கியபின் தோட்டங்கள் பெருகின. போடி எனப்படும் போடிநாயக்கனூர் அவற்றின் சந்தையானது. 1928இல் மதுரையிலிருந்து அங்கு ரயில் வந்தது. 1987இல் அமைந்த நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய்க்கான மின்னணு ஏல விற்பனை இன்று போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடைபெறுகிறது.