களக்காட்டுப் போரும் நம் மன்றாட்டும்



நவம்பர் 2-ஆம் நாள் நம் குடும்பத்து மரித்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். இந்த மன்றாட்டுக்கு வேதாகமம் காட்டும் முன்மாதிரி போர்வீரர்களைப் பற்றியதே. களத்தில் மடிந்த தம் வீரர்களின் ஆடைக்குள் விக்கிரகத் தாயத்துகளைக் கண்ட யூதா மக்கபே, அவர்களைத் தள்ளிவிடவில்லை. பாவப் பரிகாரத்துக்காகக் காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார் (2 மக்கபே 12).

நமக்கு அருகிலும் அத்தகைய மரணம் ஒன்று உண்டு. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்பு அம்மன்னரின் படையிலேயே உயர்ந்து 'வலிய கப்பித்தான்' எனப் பெயர் பெற்றார். கத்தோலிக்கரான அவர், துயருற்றிருந்த நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொல்லித் தேற்றினார். பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தேற்றியவரின் வீட்டுக்கே யோபுவின் துயரம் வந்தது. 1765-இல் டிலனாயின் மகன் யோவான் களக்காட்டுப் போரில் மாண்டான். 1777-இல் மரித்த தந்தையோடு அவன் உதயகிரிக் கோட்டைச் சிற்றாலயத்தில் அடங்கியுள்ளான்.

அவனுக்குக் கல்லறையும் பெயரும் உண்டு. அதே களத்தில் இருதரப்பிலும் விழுந்த மற்றவர்களுக்கு யார் அழுதார்கள்? வெற்றியைப் பாடுவது உலகத்தின் வழக்கம். விழுந்தவனின் ஆத்துமாவை நினைப்பது திருச்சபையின் கடமை.

இனிமேல், நம் வீட்டாருக்கு மெழுகுதிரி ஏற்றும்போது, போர்க்களங்களில் மாண்ட அனைவருக்காகவும், பகைவர் உட்பட, ஒன்று ஏற்றுவோமாக.