எரிந்த ஆலயமும் எஞ்சிய பெண்ணும்

சரித்திரம் என்பது மன்னர்தம் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் மனனஞ் செய்வதன்று. ஒரு நாட்டிலே அறமானது எவ்வாறு சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைகின்றது என்பதைக் கண்டுகொள்வதே அதன் பெரும்பயன். இதனை உணர்த்தவல்ல வரலாறொன்று எமது இலங்கைத் தீவோடும் தொடர்புடையது. ஜேர்மனியிலே பிறந்து, கொழும்பிலே தமது 91ஆம் வயதில் கண்மூடிய கவிஞர் ஆன் ரணசிங்க என்னும் யூதப் பெண்மணியின் வரலாறே அஃது.

1925ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் எசன் நகரிலே அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அன்னலீசே காட்ஸ். ஹிட்லர் 1933இல் ஆட்சிபீடம் ஏறியபோது அவர் ஏழு வயதுச் சிறுமி. அக்காலத்து ஜேர்மனியில் யூதர் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். நூற்றுக்கு ஒருவர்தாமும் இல்லை. ஆயினும் நாட்டின் துன்பங்கள் அனைத்துக்கும் அவர்களே காரணர் என்று பறைசாற்றப்பட்டது. முதலில் அவர்களுடைய கடைகளிற் பொருள் வாங்கலாகாது என்றனர். அடுத்து, அரசாங்க உத்தியோகங்களிலிருந்து நீக்கினர். 1935இல் குடியுரிமையையும் பறித்தனர். ஒவ்வொரு படியிலும் அயலவர் பலர், தமக்கு வந்த கேடன்று என எண்ணி வாளாவிருந்தனர்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, ஜேர்மனி எங்கணும் யூதரின் தொழுகைக்கூடங்கள் தீயிடப்பட்டன. எசன் நகரில் 1913ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட கம்பீரமான கற்கட்டடமும் எரிந்தது. தீயணைக்கும் படையினர்க்குக் கிடைத்த கட்டளை யாது? தொழுகைக்கூடம் எரியட்டும், அயற் கட்டடங்களை மாத்திரம் காத்துக்கொள்ளுங்கள் என்பதே! யூத ஆடவர் ஏறக்குறைய 30,000 பேர் சிறைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்த நெருப்பைக் கண்ட பதின்மூன்று வயதுச் சிறுமியின் கண்களிலிருந்து அஃது என்றும் அணையவில்லை. அதே மாதத்தில் யூதப் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவுகளும் அடைக்கப்பட்டன.

இனியும் தாமதித்தலாகாது என்று உணர்ந்த பெற்றோர், 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகளை இங்கிலாந்திலிருந்த உறவினரிடம் அனுப்பினர். அவ்வாண்டு செப்டெம்பரில் போர் மூண்டது, வழி அடைபட்டது. மகள் தப்பினாள்; பெற்றோர் அகப்பட்டனர்.

1941இன் இறுதியில், ஜேர்மனி முதலிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 20,000 யூதர் போலந்தின் லோட்ஸ் நகரிலிருந்த அடைப்புச் சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பெற்றோரும் அச்சேரியிலேயே அடைக்கப்பட்டனர். அங்கே கட்டாய வேலை. பட்டினிக்கு நடுவில் ஜேர்மன் படைக்குச் சீருடை தைத்தனர், சப்பாத்துச் செய்தனர். உழைக்கும் வலுவுள்ளவரையே உயிர்வாழ இடம். பசியாலும் நோயாலும் அச்சேரியில் மாண்டோர் 40,000க்கு மேற்பட்டோர். எஞ்சியோரில் பலர் செல்ம்னோ என்னுமிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மூடிய வண்டிகளில் நச்சுப்புகையால் கொல்லப்பட்டனர். அன்னலீசேயின் தாய் தந்தையர்க்கும் 1944இல் அக்கதியே நேர்ந்தது. போர் முடிந்த பின்னரே மகள் அதனை அறிந்தார். ஐரோப்பாவில் அவ்வாறு அழிக்கப்பட்ட யூதர் ஏறத்தாழ அறுபது இலட்சம் என்பர்.

இங்கிலாந்திலே தாதியாகப் பயின்ற அவர், 1949இல் இலங்கை வைத்தியர் ஒருவரை மணந்தார். பின்னர் கொழும்புக்கு வந்து, இந்நாட்டுப் பிரசையாகிப் பிள்ளைகளை வளர்த்தார். நெடுங்காலம் அவர் பழைய துயரை எழுதவில்லை. நாற்பது வயதைக் கடந்த பின்னரே பேனா பேசத் தொடங்கியது. 1971இல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. சர்வதேச மன்னிப்புச் சபையின் பணியிலும் அவர் பல ஆண்டு உழைத்தார்.

அமைதி தேடி வந்த இந்நாட்டிலும் அவரை அந்நெருப்பு விடவில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்புத் தமிழர்தம் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, ‘ஜூலை 1983’ என்னும் கவிதையை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அன்று பார்த்து நின்றவர்கள் எவ்வாறு பார்த்து நின்றனர் என்று இளமை முதல் வினவிய அவர், அவ்வினாவைக் கொழும்புத் தெருவிலே மீண்டும் சந்தித்தார். எரிபவர் தம் இனத்தவரல்லர் என்று அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் காலமானார்.

வாலிப அன்பர்களே! நமது தம்பிலுவில் மண்ணில் வைகாசி தோறும் கண்ணகை அம்மனுக்குத் திருக்குளிர்த்தி நடக்கின்றது. மதுரையை எரித்த அன்னையின் சினம் தணியக் குளிர்விக்கின்றோம். கணவன் அநியாயமாகக் கொல்லப்பட்ட கொடுந்துயரிலும், அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டற்க என்றே அவள் தீக்குக் கட்டளையிட்டாள் எனக் காப்பியம் சொல்லும். எசனிலும் கொழும்பிலும் மூட்டிய தீக்கு அத்தகைய எல்லை இருக்கவில்லை. நமது கரையோரத்திலும் 1985ஆம், 1990ஆம் ஆண்டுகளிலே தமிழரும் முஸ்லிம்களும் எரியும் வீடுகளைக் கண்டவர்களே. இரு சாரார் கண்ணீரும் உப்புக் கரித்தது.

ஆதலால் பெரியோர் இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுக. இளைஞர் ஒன்றை மனத்திற் பதிக்குக: கொடுமை முதல்நாளே கொலையாக வருவதில்லை. ஒரு வசைச் சொல்லாகவும், ஒரு கடைப் பகிஷ்கரிப்பாகவுமே வருகின்றது. அப்பொழுதே ‘இது தகாது’ என்று சொல்லும் அயலவன் ஒருவன் வேண்டும். அவன் நம் சங்கத்திலிருந்து எழுவானாக.