சுரைக்குடுக்கையில் ஒரு வீடு

ஜனவரி மாதம் முடிவதற்குள் டெக்சஸின் வளைகுடாக் கரைக்கு ஒரு பறவை வந்து சேர்ந்துவிடும். நமக்குக் குளிர்காலமான மாதங்களைப் பிரேசிலில் கழித்துவிட்டு, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும். அதன் பெயர் பர்ப்பிள் மார்ட்டின். வட அமெரிக்காவிலுள்ள தகைவிலான் குருவிகளில் இதுவே பெரியது. ஏறக்குறைய 8 அங்குல நீளம். வளர்ந்த ஆண் பறவை வெயிலில் கருநீலமாக மின்னும்.

நம் குடும்பங்கள் வசிக்கும் புறநகர்த் தெருக்களில், சில வீடுகளின் பின்புறம் உயரமான கம்பத்தின்மேல் பல அறைகளுள்ள வெள்ளைக் கூண்டு வீட்டையோ, வரிசையாகத் தொங்கும் வெள்ளைக் குடுக்கைகளையோ பார்த்திருப்பீர்கள். அவை இந்தப் பறவைக்காகவே வைக்கப்பட்டவை. அவற்றை வைப்பவரை இங்கே 'லேண்ட்லார்ட்' என்கிறார்கள். நம் பேச்சில் 'வீட்டுக்காரர்'. வாடகை வாங்காத வீட்டுக்காரர்!

மேற்கே கலிபோர்னியாப் பக்கம் இப்பறவை இன்னும் மரங்கொத்தி குடைந்த பொந்துகளில் கூடு கட்டுகிறது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கேயோ, ஏறக்குறைய எல்லாப் பர்ப்பிள் மார்ட்டின்களும் மனிதர் வைத்த வீடுகளில்தான் குஞ்சு பொரிக்கின்றன. ஒரு காட்டுப் பறவை இப்படி மனிதரையே நம்பி வாழும் நிலைக்கு எப்படி வந்தது?

அந்தக் கதை சுரைக்காயில் தொடங்குகிறது. முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கை நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் அதில் தண்ணீர் கொண்டுபோனார்கள்; நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் கட்டிவிட்டார்கள். அமெரிக்கத் தென்பகுதியில் வாழ்ந்த சாக்டா, சிக்கசா பூர்வகுடி மக்கள் அதே குடுக்கையில் ஓட்டை போட்டு, குடிசைக்கு அருகே கிளை கழித்த இளமரத்தில் தொங்கவிட்டார்கள். மார்ட்டின்கள் அதில் குடியேறின. 1808 முதல் 1814 வரை வெளிவந்த தமது பறவை நூலில் அலெக்ஸாண்டர் வில்சன் இதை எழுதி வைத்திருக்கிறார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களும் நீண்ட கழிகளின் நுனியில் இப்படிக் குடுக்கை கட்டியதாக அவர் சொல்கிறார். தங்களுக்கென்று ஒரு குடிசைகூடச் சொந்தமில்லாதவர்கள் பறவைக்கு வீடு கொடுத்தார்கள்.

பறவையாலும் உதவி இருந்தது. காயப்போட்ட மான் இறைச்சிக்கு வரும் கழுகுகளை மார்ட்டின்கள் துரத்தும் என்று ஓவியரும் பறவை ஆய்வாளருமான ஜான் ஜேம்ஸ் ஆடுபான் எழுதினார். அவருடைய அந்த நூலின் முதல் தொகுதி 1831இல் வெளிவந்தது.

அந்த வருடத்தை நாம் மறக்கக்கூடாது. 1830இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம் நிறைவேறியது. 1831 முதல் சாக்டா மக்கள் மிசிசிப்பியிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். குளிரிலும் பசியிலும் காலராவிலும் வழியிலேயே ஏராளமானோர் இறந்தார்கள். 1837இல் சிக்கசா மக்களும் புறப்பட வேண்டியதாயிற்று. பறவைக்கு வீடு கொடுத்தவர்கள் தங்கள் வீட்டை இழந்தார்கள். அவர்களிடம் கற்ற பழக்கத்தை, அவர்கள் நிலத்தில் குடியேறியவர்கள் தொடர்ந்தார்கள்.

அடுத்து ஆபத்து ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1850களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் அடைக்கலான் குருவிகளைக் கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். 1890இல் யூஜின் ஷீஃபலின் என்பவர் அதே நகரின் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 60 ஸ்டார்லிங் பறவைகளை விட்டார். இரண்டுமே பொந்தில் கூடு கட்டுபவை. நாடெங்கும் பெருகி, மார்ட்டின்களின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. முட்டைகளை உடைத்தன, குஞ்சுகளைக் கொன்றன. பட்டமரங்களையும் மனிதர் வெட்டித் தள்ளினார்கள். காவலுள்ள வீட்டைத் தவிர மார்ட்டினுக்குப் போக்கிடம் குறைந்தது. சங்கீதம் 84இல் அடைக்கலான் குருவியும் தகைவிலான் குருவியும் ஒரே இடத்தில் தங்குமிடம் காண்கின்றன. இங்கேயோ அந்த இரு இனங்களையும் எதிரெதிரே நிறுத்தியது மனிதரின் அவசரமே.

1962இல் இல்லினாய் மாநிலத்தின் கிரிக்ஸ்வில் ஊரில் ஜே.எல். வேட் என்பவர் அலுமினிய மார்ட்டின் வீடுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். பல ஊர்களில் வீடுகள் எழும்பின. பறவைக்கு அது நன்மையே. ஆனால் ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2,000 கொசுக்களைத் தின்னும் என்ற விளம்பரமும் கூடவே பரவியது. அது உண்மையல்ல. 1968இல் ஹெர்பர்ட் கேல் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து மறுத்தார். மார்ட்டின் பகலில், உயரத்தில் இரை தேடும். தும்பி, வண்டு, பட்டாம்பூச்சி, இறகு முளைத்த எறும்பு ஆகியவையே அதன் உணவு. கொசுக்களில் பெரும்பாலானவை தாழ்வாக, இருட்டும் நேரத்தில் பறக்கும்.

செவிலியர்களான எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சல் அமெரிக்காவில் முதன்முதலாக 1999இல் நியூயார்க்கில் தெரியவந்தது. 2012இல் டாலஸ் பகுதியில் கடுமையாகப் பரவியது. மார்ட்டின் வீடு இருக்கிறதென்று பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டாமல் விடக்கூடாது. பயன் தருகிறது என்பதற்காக மட்டும் வைத்த வீடு, பயனில்லை என்று தெரிந்ததும் கைவிடப்படும். மார்ட்டினுக்கோ மாற்று இடம் இல்லை.

வீடு வைக்க விரும்பினால் முதலில் எச்.ஓ.ஏ. அனுமதி கேளுங்கள். கம்பம் 12 அடிக்குக் குறையாமல், பெரிய மரங்களிலிருந்து 40 அடியாவது தள்ளி, அதே சமயம் வீட்டுக்கு அருகே திறந்த வெளியில் நிற்க வேண்டும். ஸ்டார்லிங் நுழைய முடியாத பிறைவடிவ வாசல் நல்லது. வாரம் ஒருமுறை கூண்டை இறக்கிப் பார்க்க வேண்டும். அடைக்கலான் குருவியின் கூட்டை அகற்றலாம். மார்ட்டினின் கூட்டையும் முட்டையையும் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் காக்கிறது. முதல் வருடமே பறவை வராமல் போகலாம். வந்து குஞ்சு பொரித்தவை பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும்.

குஞ்சுகள் பறந்தபின், ஜூலையில், ஊருக்குப் புறப்படும் முன் அவை பெருங்கூட்டமாகச் சேரும். ஹூஸ்டனுக்கு அருகே ஸ்டாஃபோர்டில், கடைகள் நிறைந்த இடத்து மரங்களில் அந்திவேளையில் அவை ஆயிரமாயிரமாக வந்து இறங்குவதைப் பல ஆண்டுகள் மக்கள் கூடிநின்று பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், ஒவ்வொரு வாரமும் கூண்டை இறக்கி ஏற்றிய பல கைகள் இருக்கின்றன. அவற்றில் முதிய கைகளும் உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்காரத் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பிப்ரவரிக்கு முன்பே போய்ப் பாருங்கள். கம்பத்தின் கயிற்றை இழுக்க உதவி வேண்டுமா என்று கேளுங்கள்.