வீட்டு ரீசார்ஜ் பேட்டரி

டார்ச் லைட், விளையாட்டுக் கார், கம்பியில்லா மவுஸ், ரத்த அழுத்தக் கருவி போன்றவற்றில் சாதாரண பென்சில் பேட்டரிக்குப் பதிலாகப் போட்டு, சக்தி தீர்ந்ததும் மின்னேற்றி மறுபடி மறுபடி பயன்படுத்தும் மின்கலமே வீட்டு ரீசார்ஜ் பேட்டரி. ஏஏ எனப்படும் பென்சில் அளவும், ஏஏஏ எனப்படும் சிறிய அளவும்தான் அதிகம் விற்கின்றன. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையைச் சேர்ந்தவை. சில ஆண்டுகளாக லித்தியம் அயனி வகையும் அதே அளவில் வருகிறது. விலை சாதாரண செல்லைப் போலப் பல மடங்கு. அந்த விலை திரும்பக் கிடைக்குமா என்பதை செல்லின் மேல் அச்சிட்ட எண் முடிவு செய்வதில்லை. எந்தக் கருவியில் போடுகிறோம், எந்தச் சார்ஜரில் ஏற்றுகிறோம் என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

வரலாறு

இவ்வகை செல்லின் மூதாதை நிக்கல் காட்மியம் மின்கலம். சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் 1899இல் அதை உருவாக்கினார். உறுதியானது, நிறைய மின்னோட்டம் தரக்கூடியது. ஆனால் காட்மியம் நச்சு உலோகம். முழுவதும் தீராமலே திரும்பத் திரும்ப ஏற்றினால் திறன் குறைந்ததுபோல் நடந்துகொள்ளும் ‘நினைவு விளைவு’ம் அதற்கு உண்டு. காட்மியத்தின் இடத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் உலோகக் கலவையைப் பயன்படுத்தும் வழியை 1960களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட லாந்தனம் நிக்கல் கலவை திறந்துவிட்டது. ஹைட்ரஜன் உள்ளே போய் வரும்போது கலவை விரிந்து சுருங்கிப் பொடிந்துபோவதைக் கட்டுப்படுத்தவே பல ஆண்டுகள் பிடித்தன. 1990ஐ ஒட்டி ஜப்பானிய நிறுவனங்கள் நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

அந்தத் தலைமுறைக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. ஏற்றி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுத்தால், உபயோகிக்காமலே ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சக்தி போயிருக்கும். ரீசார்ஜ் பேட்டரி என்றாலே ‘வேண்டிய நேரத்தில் தீர்ந்து கிடக்கும்’ என்ற கெட்ட பெயர் அப்போது வந்ததுதான். 2005 நவம்பரில் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் வெளியிட்ட செல் இதை மாற்றியது. உலோகக் கலவையையும் உள்ளிருக்கும் பிரிப்புத் தாளையும் திருத்தியதால், ஓராண்டு சும்மா கிடந்தாலும் 85 சதவீதம் மிஞ்சும் என்று நிறுவனம் அறிவித்தது. இந்தத் துறையில் அதற்குப் பின் வந்த எந்த முன்னேற்றத்தையும்விட வீட்டுக்கு அதிகம் பயன்பட்டது இதுவே. சான்யோ பின்னர் பானசோனிக் வசமானது. தன்னிழப்பு குறைந்த செல்களை இப்போது பல நிறுவனங்கள் விற்கின்றன.

செயல்திறன்

‘இது 1.2 வோல்ட்தானே, 1.5 வோல்ட் கேட்கும் கருவியில் எப்படி வேலை செய்யும்?’ என்பது கடையில் அடிக்கடி கேட்கும் சந்தேகம். மறுபடி ஏற்ற முடியாத ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. உபயோகிக்க உபயோகிக்கச் சரிந்து 0.9 வோல்ட் வரை இறங்கும். அதன் ஆயுளில் பெரும்பகுதி 1.2ஐ ஒட்டியே கழிகிறது. நிக்கல் செல்லோ முழுதாக ஏற்றியவுடன் 1.4ஐ ஒட்டித் தொடங்கி, சீக்கிரமே 1.2ஐ ஒட்டி வந்து, தீரும்வரை ஏறக்குறைய அங்கேயே நிற்கும். ஆகவே ஒழுங்காக வடிவமைத்த கருவி இரண்டிலும் ஓடும். ஒன்று மட்டும் தடுமாறும்: ஆல்கலைன் செல்லின் சரிவை வைத்து அளவு காட்டும் கருவிகள், நிக்கல் செல் நிறைந்திருக்கும்போதே பாதி என்று காட்டும், பிறகு திடீரென்று தீர்ந்தது என்று சொல்லும்.

உண்மையான வித்தியாசம் செல்லின் உள்தடையில், அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லே காட்டும் எதிர்ப்பில் இருக்கிறது. நல்ல நிக்கல் ஏஏ செல்லின் உள்தடை சில பத்து மில்லி ஓம். ஆல்கலைன் செல்லில் அது பல மடங்கு. தீரத் தீர இன்னும் கூடும். கேமரா பிளாஷ், மோட்டார் உள்ள பொம்மை, ரத்த அழுத்தக் கருவியின் காற்று பம்ப் இவையெல்லாம் மின்னோட்டத்தை அள்ளிக் கேட்பவை. 1 ஆம்பியர் கேட்கும் இடத்தில், பெயருக்கு 2,500 எம்ஏஎச்சுக்கு (மில்லி ஆம்பியர் மணி) மேல் உள்ள ஆல்கலைன் செல் அதில் பாதியைக்கூடத் தராது. 2,000 எம்ஏஎச் நிக்கல் செல் ஏறக்குறைய முழுவதையும் கொடுத்துவிடும். சாதாரண கார்பன் துத்தநாக செல் இந்தப் போட்டிக்கே வராது.

எம்ஏஎச் எண்ணை நம்புவதற்கு வரம்பு உண்டு. ஏஏ அளவுக் கூட்டுக்குள் நிக்கல் செல் வகையில் 2,700, 2,800க்கு மேல் அடைக்க இடமில்லை. 3,600, 4,000 என்று அச்சிட்டவை பொய். தராசு இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்: 2,000 எம்ஏஎச் செல் சுமார் 26, 27 கிராம் இருக்கும், 2,500 எம்ஏஎச் செல் 30 கிராமை ஒட்டி வரும். 4,000 என்று போட்டுக்கொண்டு 18 கிராம் நிற்கும் செல்லில் அதற்குரிய உலோகம் உள்ளே இல்லை. டார்ச் லைட்டுக்கான பெரிய ‘டி’ அளவிலும் இந்த ஏமாற்று நடக்கிறது; பெரிய உறைக்குள் சின்ன செல்லை வைத்து 2,500 எம்ஏஎச் என்று விற்கிறார்கள். அந்த அளவில் முழுமையான செல் 8,000க்கும் மேல் தர வேண்டும்.

‘2,100 முறை ஏற்றலாம்’ போன்ற வாசகங்கள் ஆய்வுக்கூடத்து எண்ணிக்கை. பன்னாட்டுச் சோதனை முறையின் பழைய பதிப்பில், பெரும்பாலான சுற்றுகளில் செல்லை மெதுவாக 2 மணி 20 நிமிடம் மட்டுமே தீர்ப்பார்கள். அது மொத்தக் கொள்ளளவில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. முழுக்கத் தீர்த்து, வெயில் காலத்தில் ஏற்றி, கீழே போட்டு எடுக்கும் வீட்டில் சில நூறு முறை கிடைத்தாலே நல்ல உழைப்பு. கொள்ளளவு அதிகமான வகைகளின் ஆயுள் இன்னும் குறைவு. அதிகக் கொள்ளளவு கட்டாயம் தேவைப்படாதவர்கள் 2,000 எம்ஏஎச் வகையை வாங்குவதே மேல்.

மின்னேற்றமும் கேடும்

செல் பெரும்பாலும் உபயோகத்தில் கெடுவதில்லை, சார்ஜரில்தான் கெடுகிறது. நிக்கல் செல் நிறைந்ததும் அதற்கு மேல் வரும் மின்சாரம் வெப்பமாக மாறும். அப்போது மின்னழுத்தம் சில மில்லி வோல்ட் கீழே இறங்கும். நல்ல சார்ஜர் இந்தச் சின்ன இறக்கத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். மலிவான சார்ஜர்கள் பல எதையும் பார்ப்பதில்லை. பிளக்கிலிருந்து எடுக்கும்வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். 200 மில்லி ஆம்பியரில் 2,000 எம்ஏஎச் செல்லுக்கு 14 முதல் 16 மணி நேரம் போதும். மறந்து இரண்டு நாள் விட்டால் செல்லுக்கு வயதாகிறது. செல்களை இரண்டிரண்டாகவே ஏற்றும் சார்ஜரில் பாதி தீர்ந்த செல்லையும் முழுதும் தீர்ந்த செல்லையும் சேர்த்துப் போட்டால், ஒன்று அளவுக்கு மீறியும் மற்றது அரைகுறையாகவும் ஏறும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, விலை உயர்ந்த செல்லுக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது. ஏற்றி முடியும் நேரத்தில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு கூடாது.

இரண்டாவது கேடு கருவிக்குள் நடப்பது. நாலு செல் வரிசையாகப் போட்ட பொம்மையை அணைக்காமல் விட்டால், வலுக்குறைந்த செல் முதலில் தீரும். மற்ற மூன்றும் அதன் வழியாகத் தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ள, அதன் துருவம் தலைகீழாகிவிடும். நிரந்தரச் சேதம் அது. ஒன்றாக வாங்கிய நாலையும் ஒரே கூட்டமாக வைத்திருந்து, மார்க்கரால் வாங்கிய மாதத்தை எழுதி வைத்து, ஒன்றாகவே ஏற்றுவது இதைப் பெருமளவு தவிர்க்கும். புதியதையும் பழையதையும், ரீசார்ஜ் செல்லையும் சாதாரண செல்லையும் கலக்கக் கூடாது. ஏற்றுவதற்கு முன் முழுவதும் தீர்க்க வேண்டும் என்ற பழைய அறிவுரை காட்மியம் காலத்தது. அது இப்போது தேவையில்லை.

லித்தியம் வகைக்குள் 3.7 வோல்ட் செல்லும் அதை 1.5 வோல்ட்டாக இறக்கும் சிறு சுற்றும் இருக்கின்றன. மின்னழுத்தம் கடைசிவரை சரியாமல் நின்று, தீர்ந்ததும் முன்னறிவிப்பின்றி அணையும். டார்ச் லைட்டில் இது ஆபத்தான குணம். சுற்று எழுப்பும் இரைச்சல் சில ரேடியோக்களில் கேட்கும். இதை அதற்குரிய சார்ஜரில் அல்லது யுஎஸ்பி கம்பியில் மட்டுமே ஏற்ற வேண்டும், நிக்கல் செல் சார்ஜரில் போடவே கூடாது. உறையில் உள்ள 3,000 மில்லி வாட் மணி என்ற எண்ணை 1.5ஆல் வகுத்தால் 2,000 எம்ஏஎச்தான் வருகிறது.

விலைக்கு மதிப்பு

ஏற்றும் செலவு இல்லையென்றே சொல்லலாம். 2,000 எம்ஏஎச் செல்லில் அடங்குவது 2.4 வாட் மணி. சார்ஜரின் இழப்பையும் சேர்த்து 5 வாட் மணி என்று தாராளமாக வைத்தாலும், ஒரு யூனிட் (1,000 வாட் மணி) மின்சாரத்தில் 200 செல் ஏற்றலாம்.

செல் 300 ரூபாய், சார்ஜர் 1,200 ரூபாய், சாதாரண செல் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் நாலு செல் தின்னும் பொம்மைக்கு ஆண்டில் 208 சாதாரண செல், 3,120 ரூபாய். நாலு ரீசார்ஜ் செல்லும் சார்ஜரும் சேர்ந்து 2,400. முதல் ஆண்டிலேயே காசு திரும்பிவிடுகிறது. சுவர்க் கடிகாரத்துக்கோ ஆண்டுக்கு ஒரு செல் போதும். 300 ரூபாய் திரும்ப 20 ஆண்டாகும், அதற்குள் செல் வேதிமுறையிலேயே முதுமையடைந்துவிடும். டிவி ரிமோட்டும் இதே கணக்குதான். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் ரீசார்ஜ் செல் வாங்குவது வீண். பொம்மை, டார்ச், கேம் கன்ட்ரோலர், கம்பியில்லா மைக், பிளாஷ் இவற்றுக்கு வாங்காமல் இருப்பதுதான் வீண்.

ரூபாய்க் கணக்கில் வராத லாபமும் உண்டு. ஆல்கலைன் செல் மறந்து கிடந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெள்ளைப் பொருக்காகப் படிந்து, ஸ்பிரிங்கை அரித்து, கருவியையே பாழாக்கும். நிக்கல் செல் அரிதாகவே கசியும்.

உழைத்து முடித்த செல்லைக் குப்பையில் போடக் கூடாது என்பதையே உறையில் உள்ள, குறுக்குக் கோடிட்ட சக்கரத் தொட்டிச் சின்னம் குறிக்கிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்திருக்கின்றன. நிக்கலும் கோபால்ட்டும் மீட்டெடுக்கத் தக்க உலோகங்கள். லித்தியம் வகையைக் கொடுக்கும் முன் இரு முனைகளிலும் டேப் ஒட்டிவிட வேண்டும். ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்க வாய்ப்பிருக்கிறது.