தீயும் உரலும் சர்க்கரையும்

இரசவாதிகள் தேடிய இக்ஸீர்தான் இன்றைய வேதியியலின் வினையூக்கி என்று மேடைகளில் சொல்வது வழக்கமாகிவிட்டது. மாணவர்களும் அதைக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். முன்னோரின் மெய்யான சாதனை வேறிடத்தில் இருக்க, இல்லாத ஒன்றை அவர்கள் மீது ஏற்றிச் சொல்வது அவர்களுக்குக் கண்ணியம் சேர்ப்பதாகாது.

கி.பி. 865இல் ரய் நகரில் பிறந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அல்ராஸி, மருத்துவ மேதையாக மட்டுமின்றி இரசவாதக் கலையிலும் புகழ்பெற்றவர். அவருடைய 'கிதாபுல் அஸ்ரார்' பொருள்கள், கருவிகள், செய்முறைகள் என மூன்று பகுதிகளைக் கொண்டது. கருவிகளுள் உலையும் துருத்தியும் உரலும் இடம்பெறுகின்றன. துருத்தி எதற்கு? காற்றைச் செலுத்தித் தீயின் வெப்பத்தைக் கூட்ட. உரல் எதற்கு? பொருளைப் பொடித்து அதன் மேற்பரப்பைப் பெருக்க. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள 1000 துண்டுகளாக்கினால் மேற்பரப்பு 60 ஆகிறது. வினை நிகழ்வதற்கான இடம் பத்து மடங்காகிறது. காரணத்தை இப்படிக் கணக்கிடாவிட்டாலும், வினையை விரைவுபடுத்தும் வழி அவர்களுடைய கைக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த வேகத்தை அவர்கள் அளக்கவில்லை. அளவையில் அக்கறையற்றவர்கள் அல்லர். அல்காஸினியின் 'மீஸானுல் ஹிக்மா' தராசுக் கலையின் சிகரம். 1206இல் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீ நீர்க் கடிகாரங்களை விரிவாக விளக்கியவர். எடையும் காலமும் கையிலிருந்தன. கலத்தினுள் வினை நடந்துகொண்டிருக்கும்போதே, அதைக் கலைக்காமல், எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும் கண்தான் இல்லை.

அந்தக் கண் 1850இல் ஜெர்மானியரான வில்ஹெல்மிக்குக் கிட்டியது. கரும்புச் சர்க்கரைக் கரைசல் தன்னூடே செல்லும் தளவிளைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும். அமிலம் சேர்த்தால் சர்க்கரை மெல்லப் பிளவுபட்டு, திருப்பம் இடப்பக்கமாக மாறும். (சுக்கர் என்னும் அரபுச் சொல்லுக்கும் நம் சர்க்கரைக்கும் மூலம் ஒன்றே.) அந்தத் திருப்பத்தை நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொண்டே வந்த வில்ஹெல்மி, எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு ஏற்பவே வேகம் அமைகிறது எனக் கண்டார். செறிவு என்னும் காரணி அன்றுதான் எண்ணில் பிடிபட்டது. அவருடைய ஆய்வை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை என்பது வேறு கதை.

அந்தக் கரைசலில் அமிலம் செலவாவதில்லை. வினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் அப்படியே எஞ்சுகிறது. 1835இல் பெர்சீலியஸ் பெயர் சூட்டிய வினையூக்கம் இதுவே. இக்ஸீரோ உலோகத்தினுள் கலந்து அதன் இயல்பையே மாற்றும் எனக் கருதப்பட்டது. சிறிதளவே பேரளவில் செயல்படும் என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. நடக்கக்கூடிய வினையைத்தான் வினையூக்கி விரைவுபடுத்தும். ஈயத்தைப் பொன்னாக்குவது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

தீயின் புதிரை 1889இல் அர்ஹீனியஸ் அவிழ்த்தார். அவர் எடுத்துக்கொண்டதும் அதே சர்க்கரை வினையைத்தான். அறை வெப்பநிலையை ஒட்டி 10 பாகை கூடினால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. மூலக்கூறுகளின் சராசரி ஆற்றல் அவ்வளவு கூடுவதில்லை. ஆயினும் வினைக்குத் தேவையான ஆற்றல் வரம்பைத் தாண்டும் மூலக்கூறுகள் சிலவே. சிறிது வெப்பம் கூடினாலும் அந்தச் சிலவற்றின் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்துவிடுகிறது. அல்ராஸியின் துருத்தி செய்த வேலை அதுதான்.