சிறை நூலகமும் கால்மணி வாசிப்பும்: ஒரு மறுபரிசீலனை

சிறை வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும், மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட நூலின் முற்பகுதியில், 1757ஆம் ஆண்டின் கொடிய மரணதண்டனைக் காட்சியை அடுத்து அவர் நிறுத்திக்காட்டும் ஒழுங்குவிதியைக் கண்டுகொள்ளாமல் கடத்தல் இயலாது. பாரிஸ் நகரத்து இளங்கைதிகள் இல்லத்துக்கென லெயோன் ஃபோஷே 1838இல் வகுத்த விதி அது. கோடையில் ஏழு மணிக்கும் மாரியில் எட்டு மணிக்கும் வேலை நிற்கும். பட்டறையிலேயே அன்றைய கடைசி ரொட்டி பங்கிடப்படும். பின்னர்க் கைதியொருவரோ காவலரொருவரோ நற்போதனை நூலொன்றிலிருந்து கால்மணி நேரம் உரக்க வாசிப்பார். அடுத்து மாலைப் பிரார்த்தனை.

ரொட்டிக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே வாசிப்பு நிற்கும் இவ்வொழுங்கைக் காலத்தைக் கட்டியாளும் அதிகாரத்தின் சாட்சியமாக ஃபூக்கோ கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும், சிறையில் நூலுக்குரிய இடம் முழுவதையும் இச்சாட்சியத்துள் அடக்கும் போக்குக்கு இரண்டு ஆட்சேபங்கள் உள. முதலாவது, பிரமாணம் பற்றியது: ஃபோஷே தந்தது விதியேயன்றி நடைமுறைக் குறிப்பேடு அன்று, 1838 என்பது விதி அச்சேறிய ஆண்டாதலின், அக்கால்மணி வாசிப்பு எந்நாளில் தொடங்கிற்று என்பதற்கு அதனைச் சான்றாக்குதல் சாலாது. இரண்டாவதே முக்கியமானது. உரக்க வாசிக்கும்போது நூலைத் தெரிபவரும் நேரத்தை வரையறுப்பவரும் அதிகாரியே. கேட்பவனுக்கு எழுந்துபோகும் உரிமையும் இல்லை. நூலகமோ, விரும்பிய நூலைக் கேட்கவும், பிடிக்காததைப் பாதியில் மூடித் திருப்பித் தரவும் கைதிக்கு இடங்கொடுப்பது. வெளித்தோற்றத்தில் ஒத்த இவ்விரண்டும் பயனில் எதிரானவை.

வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறையிருந்த காலத்தில் ஜேம்ஸ் ஆலனின் சிறுநூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ என மொழிபெயர்த்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஃபோஷேயின் விதி வேண்டுகின்ற நற்போதனை நூலே அதுவும். ஆனால் தாமே தெரிந்து, தாமே தமிழாக்கியதனால் அது வ. உ. சி.யின் உழைப்பாயிற்று. இதனைச் சிறை நூலகத்தின் பயன் என்று கூற நான் துணியேன். தெரிவு மாறினால் ஒரே வகை நூலின் தொழிலும் மாறும் என்பதளவுக்கே இதனைச் சான்றாகக் கொள்கிறேன்.

தெரிவு கைதியிடம் சேரும் இம்மாற்றம் விதியாக வடிவுபெற்றதை, கைதிகளை நடத்துதல் பற்றி 1955இல் ஐ.நா. ஜெனீவா மாநாடு ஏற்ற குறைந்தபட்ச விதிகளுள் 40ஆவதிற் காணலாம். எல்லா வகைக் கைதிகளுக்கும் பயன்படும் நூலகம் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேண்டும். பொழுதுபோக்கு நூலும் அறிவூட்டும் நூலும் அதில் போதிய அளவு இருக்கவேண்டும். அவ்விதிகளின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமான மண்டேலா விதிகளில் இதுவே 64ஆவதாக, ‘நிறுவனம்’ என்றது ‘சிறை’ ஆனதன்றி ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் வருகிறது. பொழுதுபோக்கு முன்னும் அறிவூட்டல் பின்னுமாக அமைந்த வரிசை தற்செயலாகவும் இருக்கலாம்; கதைப்புத்தகத்துக்குச் சம இடம் அளித்தமை தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

‘எல்லா வகை’ என்னும் நிபந்தனையின் கனம் இலங்கையின் கேகாலை மாவட்டம் போன்ற இடத்திலேதான் புலனாகும். விசாரணை முடியாத கைதி தன் செலவிலோ பிறர் செலவிலோ நூல் வருவித்துக்கொள்ளலாம் என்று 1955இன் 90ஆம் விதி கூறும். 1936இல் அம்மாவட்டத்து ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, 1940இல் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டு, 1942 ஏப்ரலில் போகம்பரைச் சிறையினின்று தப்பிய என். எம். பெரேரா போன்ற கல்விமானுக்கு இச்சலுகை பொருளுடையது. ஆனால் அதே மாவட்டத்து யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ இறப்பர் பால் வெட்டி நாட்சம்பளத்தில் வாழ்ந்து, விளக்கமறியலில் வைக்கப்பட்ட ஒருவருக்கு, தோட்டத்து லயத்திலிருந்து நூல் வாங்கி அனுப்புவார் யார்? அவருக்குச் சிறையின் அலுமாரியே கதி. அதில் சிங்கள நூல்களோடு தமிழ் நூல்களும் எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கான எளிய நூல்களும் இல்லையாயின், விதி நிறைவேறியதாகக் கணக்கெழுதினாலும் நூலகம் இயங்கியதாகாது.

ஆகவே, கால்மணி வாசிப்பிலிருந்து நூலகம் நேர்கோட்டில் வளர்ந்தது என்றோ, முன்னது மறைந்தபின் பின்னது வந்தது என்றோ நான் முடிவுகட்டவில்லை. இரண்டும் ஒரே மதிலுக்குள் நெடுங்காலம் கலந்தே இருந்திருத்தல் கூடும். நூற்பட்டியல் கைதியின் கைக்கு எட்டுகிறதா, நூலிரவல் நன்னடத்தைக்குப் பரிசாக வழங்கப்படுகிறதா, எல்லோர்க்கும் உரிமையாக வழங்கப்படுகிறதா என்னும் வினாக்களே ஒரு சிறையில் இருப்பது எது என்பதைத் தீர்மானிக்கும்.